பதினொரு நிமிடம்

நிந்தவூரில் மழை. மார்கழி, விட்டுவிட்டுப் பெய்கிறது.
மேல்மாடியில் நான், ஒரு மடிக்கணினி,
போனிலிருந்து இழுத்த இணையம்.
அங்கே, ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால்,
இன்னும் நேற்றாக இருக்கும் ஒரு ஊரில்
செக்கனுக்கு ஐம்பது தரம்
இலத்திரன் கட்டொன்று
வடக்கு தெற்கு வடக்கு தெற்கு என்று
மாற்றி மாற்றி அடுக்கிய காந்தங்களுக்கு நடுவே
நெளிந்து ஓடுகிறது.
நெளியும் போதெல்லாம் ஒளி விடுகிறது.

விதை இல்லாவிட்டால் அந்த ஒளி
யாரும் தொடக்கி வைக்காத கூச்சல்.
முதலில் வெறும் இரைச்சல்; அதற்குள்
தற்செயலாய் உரத்துவிட்ட ஒன்றை
மற்றவை பிடித்துப் பெருக்கும்.
துடிப்புக்குத் துடிப்பு வேறு முகம்,
திரை முழுக்க முள்ளம்பன்றி.
அதனால்தான் ஒழுங்கான சின்ன லேசர் ஒன்றை
இலத்திரன்களின் மேல் முன்கூட்டியே போடுகிறோம்.
விதை என்றுதான் அதற்குப் பெயர்.

"என்ன விதை, ஏ.ரி. முந்நூற்றெட்டா?" என்றார் வாப்பா
சோற்றுப் பீங்கானிலிருந்து தலை நிமிர்த்தாமல்.
இல்லை வாப்பா, இது விழுந்த இடத்தில் முளைக்காது.
ஒரு நூறு பெம்டோ செக்கன் பிந்தினால்
கட்டு போய்விட்டிருக்கும்,
வெறும் குழாய்க்குள் ரோர்ச் அடித்தது மாதிரி.

பிந்துகிறது. அதுதான் எனக்குச் சம்பளம்.
ஏ.சி. ஓடினால் பிந்தும். கதவு திறந்தால் பிந்தும்.
கண்ணாடி நார் அரைப் பாகை சூடானாலும் பிந்தும்.
பிந்தியதை அளந்து அடுத்த துடிப்பைத் திருத்தும்
நிரல் எழுதி எட்டு மாதம்.
உண்மைக் கதிரில் அதை விடுவது
இன்றிரவுதான் முதல் தடவை.

1:50. விட்டாயிற்று, என்றாள் ஒத்தாவியா.
2:14. கோடு ஆடத் தொடங்கியது.
இடம். வலம். இன்னும் கூட இடம்.
இன்னும் கூட வலம்.
"உன் திருத்தம் போதவில்லை போல."
கூட்டினேன்.
ஆட்டமும் கூடிற்று.

கீழே தம்பி றிஸ்மி,
விடிந்தால் சம்மாந்துறையில் கலியாணம் என்று
பழுது பார்த்த அம்ப்ளிபயரைச் சோதிக்கிறான்.
ஹலோ... ஹலோ... மைக் செக்...
பிறகு அந்தக் கூவல்,
ஒழுங்கை நாய்களையெல்லாம் எழுப்பிவிடும் நீளக் கூவல்:
மைக் கேட்டதை ஸ்பீக்கர் சொல்ல,
ஸ்பீக்கர் சொன்னதை மைக் கேட்க.
"குறைடா!" என்று கத்தினேன்
மாடிப்படியில் நின்று.
குறைத்தான். அடங்கியது.

நான் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"கெயினை மூன்றிலொன்றாக்கு."
"குறைக்கவா? கூட்டவா?"
"குறை. அது தன் திருத்தத்தையே
திருத்திக்கொண்டிருக்கிறது."
அவள் மூச்சு மட்டும் ஹெட்போனில்.
2:41க்குக் கோடு நின்றது.
ஒற்றைக் கோடு. அடுத்த துடிப்பும் அதே கோடு.
அதற்கடுத்ததும்.

றிஸ்மி தேத்தண்ணியோடு மேலே வந்தான்.
"இந்த லைற்றால என்ன செய்யிற ராத்தா?"
"மூலக்கூறு ஒன்று உடையிற கணத்தப் பாக்கலாம்."
"என்ட அம்ப்ளிபயர்ல உறுமல்
எங்கயிருந்து வருதெண்டு பாக்க ஏலுமா?"
"ஏலா."
"அப்ப என்னத்துக்கு."

கரண்ட் போனது அப்போதுதான்.
சிக்னலும் கூடவே போனது.

பதினொரு நிமிடம்.
முப்பத்து மூவாயிரம் துடிப்புகள்
நான் பார்க்காமல் கடந்தன.
ஓட்டில் மழை, வடிகானில் தவளை.
கரண்ட் வந்த பிறகும்
குளிர்பெட்டியின் ஸ்டெபிலைசர் உடனே விடாது;
கொஞ்சம் பொறுத்து, பார்த்து, டக் என்னும்.
அந்த டக்குக்காக இருந்தேன்.
என் கை எட்டாத இடத்தில்
நிற்கிறதோ, ஆடுகிறதோ.

றிஸ்மியின் தேத்தண்ணியில் சீனி கூட.
குடித்தேன்.